வயிற்றுக் குழாயும் நேர்ச்சை ஆடும்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த மேசையில் அது நிம்மதியாகத் தூங்கும், யார் இருமினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகு இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று என் கணவர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அவர் எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். திண்டுக்கல்லில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், ஒரு காலத்தில் அவரிடம் வெயிலில் முட்டி போட்ட யாராவது ஒருவர் 'வாங்க மாஸ்டர்' என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரிக் காட்டில். பேச்சு, சிரிப்பு, ஆட்டுக்கறி, சர்க்கரை வியாதி ஆகியவற்றை ஒரே அளவு உற்சாகத்தோடு பல வருடம் பேணி வந்தவர். நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளை.

மதுரையில் சிறுநீரக மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். வாரம் மூன்று முறை மதுரைக்கு வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒன்று. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியே மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, கழிவோடு வெளியே எடுப்பது இன்னொன்று. இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் தினமும் நான்கு முறை செய்ய வேண்டும். ஒரு நாளும் விடுமுறை கிடையாது.

"ரெண்டாவதுதான் டாக்டர்" என்றார் இவர் உடனே. "வாரம் மூணு தடவ இங்க வந்தா நான் மதுரைக்காரனா ஆயிருவேன். இந்த வயசுல அது வேண்டாம்."

"வீட்டுல செய்யறதுல ஒரு ஆபத்து இருக்கு மாஸ்டர். அந்தக் குழாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கிருமி உள்ள போகலாம். போச்சுன்னா வயித்துக்குள்ள இருக்கிற சவ்வு பழுத்துரும். சுத்தம் முக்கியம்."

"சுத்தத்துக்குத்தான இவங்க இருக்காங்க" என்று என்னைக் காட்டினார். "எங்க வீட்டுல ஈ கூட அனுமதி வாங்கிட்டுத்தான் வரும்."

பயிற்சி கொடுத்தவர் ஒரு நர்ஸ். சின்ன வயதுதான், ஆனால் கண்டிப்பு. ஜன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், இருவரும் வாயையும் மூக்கையும் மூட வேண்டும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். குழாயின் மூடியைக் கழற்றிப் புதுப் பையோடு இணைக்கும் அந்தச் சில நொடிகளில் நுனி எதன் மேலும் படக் கூடாது. விரலில் படக் கூடாது, சட்டையில் படக் கூடாது, பேச்சுக் காற்றும் படக் கூடாது. நான் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. என் பணிக்காலம் முழுவதும் எத்தனையோ நடைமுறைகளைக் கட்டிக் காத்திருக்கிறேன். எல்லா வரிக்கும் காரணம் உள்ள நடைமுறையை அன்றுதான் முதன்முதலில் சந்தித்தேன். காதல் மாதிரி ஒன்று எனக்கு வந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் மகளின் பழைய அறையைக் காலி செய்தேன். அவள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். சுவரில் அவள் ஒட்டிய படங்களைக் கிழித்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பை மாட்ட ஒரு கம்பி. அதற்குப் 'பை ரூம்' என்று பெயர் விழுந்தது. ஓடுகிற தண்ணீர் என்று நர்ஸ் எளிதாகச் சொல்லிவிட்டார். அவர் திண்டுக்கல்லில் குடியிருந்ததில்லை. எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வருவது ஊர்த் திருவிழா மாதிரி. தேதி தெரிந்தால் கூட்டம் கூடிவிடும். மற்ற நாளெல்லாம் டிரம்மும் மக்கும்தான். மக்கின் கைப்பிடியை எத்தனை பேர் பிடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், தூக்கம் போயிற்று. ஒரு டிரம்மில் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, உயரமான முக்காலியில் ஏற்றி, முழங்கையால் தட்டினால் திறக்கிற குழாய் ஒன்றைப் பொருத்தச் செய்தேன். மருந்து நீரை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். சித்திரை மாதத்தில் அதற்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை.

கதவில் 'அலுவல் இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே சாக்பீஸில், 'அலுவல் உள்ளவர்களும் ஒருமுறை யோசிக்கவும்' என்று இருந்தது. கையெழுத்து என் கணவருடையது.

காலையில் வெளியே வரும் பையைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. நீர் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் நல்லது. கலங்கி, எழுத்து மறைந்தால் கிருமி. உடனே மதுரைக்குப் போக வேண்டும், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு. இவர் தலைப்புச் செய்திகளை மதிக்கவில்லை. "பெரிய எழுத்து கலங்கல்லயும் தெரியும். பொடி எழுத்துதான் கணக்கு" என்று காலமானோர் அறிவிப்புகளின் மேல் பையை வைப்பார். ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பார். முடிவில், "இன்னைக்கும் நம்ம பேரு இல்ல. காப்பியக் கொண்டா" என்பார்.

இப்படிச் சில மாதங்கள் ஓடின. பிறகு உறவினர்கள் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்கப் போகாமல் இருப்பது பகை. ஹார்லிக்ஸ் பாட்டில், திராட்சை, இவற்றோடு வந்து, நோயாளியின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அன்பு. நான் எல்லாரையும் முன்னறையிலேயே நிறுத்திக் கை கழுவ வைத்தேன். பலர் முறைத்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்ட இவருடைய ஒன்றுவிட்ட அக்காள் மட்டும், நான் சமையலறையில் இருந்த நேரத்தில், கதவிலிருந்த இரண்டு அறிவிப்புகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவர் மூடியைக் கழற்றிக் குழாயை இணைக்கப் போகும் சமயம்.

"ஏனுங்க தம்பி, இத்தன புழுக்கத்துல காத்தாடியப் போடாம உக்காந்திருக்கறீங்களே, உசுரு நிக்குமாங்க?"

கேட்டதோடு நிற்கவில்லை, சுவிட்சைத் தட்டிவிட்டார். மின்விசிறி மேல் படிந்திருந்த ஒரு கோடைக்காலத்துப் புழுதி முழுவதும் சுழன்று இறங்கியது. இரண்டொரு நாளில் பை கலங்கி வந்தது, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. செய்தித்தாளில் அன்று யார் செத்தார்கள் என்று தெரியவில்லை. வயிற்று வலியில் அவருக்குப் பேச்சு நின்றது. அவருக்குப் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை.

மதுரையில் மருந்து நீரோடு ஆன்டிபயாட்டிக் கலந்து விட்டார்கள். அடங்கியது. சில வாரத்தில் மறுபடி தலைதூக்கியது. மறுபடி அடக்கினார்கள். மருத்துவர் இந்த முறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"மாஸ்டர், இன்னொரு தடவ பை கலங்குச்சுன்னா குழாய எடுத்துருவேன். அந்தச் சவ்வு இதுக்கு மேல தாங்காது. அப்புறம் மெஷின்தான். வாரம் மூணு நாள் இங்க வரணும்."

காலையில் கிளம்பி இரவில் திரும்பும் அந்த மூன்று நாள், வந்து படுத்துக் கிடக்கும் அடுத்த மூன்று நாள் என்று அவர் மனதில் ஒரு கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். பள்ளி மைதானத்தில் மாலை நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காத போதும் விசில் ஊதுவது, கடைக்குக் கடை ஸ்டூல், ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் ஒரு மணி நேர அரட்டை, எல்லாம் அந்த ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்த அன்றே சொன்னார்: "நேந்துக்கிட்டேன்."

"என்ன நேந்தீங்க?"

"ஒரு கிடா. வர்ற திருநாள் வரைக்கும் பை கலங்காம இருந்தா, நம்ம புனிதருக்கு ஒரு கிடா."

அவர் குறிப்பிட்டது எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் இருக்கும், உடம்பெல்லாம் அம்பு தைத்து மரத்தில் கட்டப்பட்டு நிற்கும் புனிதரை. திருநாள் ஆடியில் வரும். நேர்ந்தவர்கள் கொண்டுவரும் ஆடுகளையெல்லாம் ஒன்றாகச் சமைத்து, சாதி மதம் பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைப்பார்கள்.

"மாதாகிட்ட நேந்திருந்தா ஒரு மெழுகுவத்தியோட முடிஞ்சிருக்குமே" என்றேன்.

"மாதாவுக்கு ஆயிரம் வேல. இவரப் பாரு, உடம்பு பூரா குத்திக்கிட்டு நிக்கிறாரு. வயித்துல ஒரு குழாயோட இருக்கிறவன் பாடு இவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மனு உரிய துறைக்குத்தான் போயிருந்தது. நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது வேறு ஒன்றுக்கு. அவர்கள் குடும்ப வழக்கப்படி நேர்ந்த ஆட்டைத் திருநாளன்று விலைக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது. குட்டியாக வாங்கி, வீட்டில் கையால் தீனி போட்டு வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடைச்சரக்கு புனிதருக்கு ஆகாதாம்.

"கிருமிக்குப் பயந்து மின்விசிறிய நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க ஒரு ஆட்டையே கூட்டிட்டு வாரேங்கறீங்க."

"ஆடு கொல்லையில இருக்கும். கிருமி பை ரூம்ல வரக்கூடாது. ரெண்டும் வேற வேற செக்ஷன்."

அலுவலக மொழியில் பேசினால் நான் இளகிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு எங்களைக் காரில் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுக்காரர். தோல் வியாபாரம், எங்களுக்கு அவர் 'பாய்', அவருக்கு நான் 'அக்கா'. குழாயை மடித்துப் பையில் போட்டு இடுப்போடு கட்டும் துணி பெல்ட்டை இவர் அவிழ்க்கவே கூடாது, முகமூடியை இறக்கக் கூடாது, சந்தையில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கிளம்பினோம். விடியக்காலை வெளிச்சத்தில் ஆடும் ஆளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்ற அந்தப் பொட்டலில் முகமூடி போட்டிருந்தவர் இவர் ஒருவர்தான்.

"என்ன அப்பு, ஆட்டு வாசன ஆகலையா?" என்றார் ஒரு வியாபாரி.

"எனக்கு ஆகும். ஆட்டுக்குத்தான் என் வாசன ஆகாதுன்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

கறுப்பு உடம்பும் ஒரு காது மட்டும் வெள்ளையுமாக ஒரு கிடாக்குட்டியைப் பிடித்தார். பாய் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். "தோலு மாஷா அல்லாஹ். கறி உங்க புனிதருக்கு, தோலு எனக்கு. இப்பவே சொல்லிட்டேன் மாஸ்டர்."

"அதக் கோயில் ஏலத்துல வந்து எடுத்துக்கங்க பாய். ஆனா ஒண்ணு, நாக்கு நீளமாத் தெரியுதே?"

"உங்களுக்குச் சேக்காளி வேணும்ல" என்றார் பாய்.

குட்டி எங்கள் கொல்லையில் முருங்கை மரத்தடியில் குடியேறியது. அகத்திக் கொப்பு, முருங்கைக் கொப்பு, சோளத்தட்டை எல்லாம் தின்றது. அதையெல்லாம்விட அதற்குப் பிடித்தது அட்டை. மருந்து நீர்ப் பைகள் மாதாமாதம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். காலிப் பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன். கிடா அந்தப் பிரச்சினையை ஒரே வாரத்தில் தீர்த்து வைத்தது. நான் அறிந்த எந்தத் துறையும் அவ்வளவு விரைவாக எதையும் தீர்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் அதற்கும் விதி உண்டு: வாசற்படி தாண்டக் கூடாது, அதைத் தொட்டவர் குளித்து, வேட்டி மாற்றாமல் பை ரூம் பக்கம் வரக் கூடாது. இவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று பை கண்ணாடி மாதிரி வந்தது. திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஒரு மதியம் சமையலறையில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து அவர் குரல் வந்தது. கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சூப்பிரண்டு அம்மா, செத்த இங்க வா. பதறாம வா."

முருங்கையடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேர்க்குரு அரிக்கிறது என்று பெல்ட்டை அவிழ்த்து மடியில் போட்டிருந்தார். பனியனுக்குக் கீழே இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே கிடா நின்றது. அதன் வாயில் குழாயின் நுனி, மூடியோடு. அந்த மூடிக்குள் கிருமி கொல்லும் அயோடின் இருக்கும். அது நாக்கில் பட்டிருக்க வேண்டும். தும்மியது, தலையை உலுக்கியது, துப்பியது, என்னைப் பார்த்தது. இதெல்லாம் என் தவறு என்கிற மாதிரி ஒரு பார்வை.

"அசையாதீங்க" என்றேன்.

"நான் அசையல. அதுதான் அசஞ்சுச்சு."

குழாயில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அதற்கு மேலே, உடம்புக்கு அருகில், கிளிப்பைப் போட்டு அடைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த நீலக் கிளிப்பை நான் சாவிக்கொத்தோடு இடுப்பில் செருகி வைத்திருப்பேன். 'நகை மாதிரிப் போட்டுத் திரியுறா' என்று இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததுண்டு. இடுப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். சொட்டு நின்றது. முழங்கைக் குழாயில் கை கழுவி, அயோடினில் நனைத்த துணியை அறுந்த நுனியில் சுற்றிக் கட்டினேன். அடுப்பில் வெஞ்சனம் கருகிய வாசனை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு பாயைக் கூப்பிட்டேன். கைலியோடே காரை எடுத்தார்.

மதுரைச் சாலையில் காற்று அனலாக அடித்தது.

"ஏன் மாஸ்டர், கடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்று பாய்தான் ஆரம்பித்தார்.

"கண்ணு சொக்கிருச்சு பாய். வேட்டிய இழுக்குதுன்னு நெனச்சேன்."

"நேந்துவிட்ட ஆடு. எதுக்கு நேந்தோமோ அதையே கடிச்சிருச்சு. அல்லாவே, இத நான் எந்தக் கடையில உக்காந்து சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் என் கிளிப் என்ன ஆகுமோ என்று நான் அவரை அதட்டினேன். அதட்டிய என் குரலைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு நிற்காது. கொடைரோடு தாண்டும் வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனையில் அதே நர்ஸ். அறுந்த நுனியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன கடிச்சது? பூனையா? வீட்டுல பூனை வளக்கறவங்க ரெண்டு மூணு பேரு இப்படி வந்திருக்காங்க."

"ஆடு" என்றேன்.

"ஆடா?"

"வெள்ளாடு. கிடா. நேந்துவிட்டது" என்று இவர் விவரங்களைச் சேர்த்தார்.

நர்ஸ் முகமூடிக்குள் என்ன செய்தார் என்று தெரியாது; கண் மட்டும் நனைந்தது. மருத்துவர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல வேளையாகப் பல் பட்டது வயிற்றுக் குழாயின் முனையில் இணைத்து, அவ்வப்போது மாற்றுகிற வெளித் துண்டில்; அதற்கு மாற்றுக் குழாய் என்று பெயர். வயிற்றுக்குள் போகும் குழாயில் கீறல்கூட இல்லை. மாற்றுக் குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தினார்கள். வயிற்றிலிருந்த நீரில் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்கிறதா பார்க்க அனுப்பினார்கள். முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள்.

"ஆட்டு வாயில இல்லாத கிருமி இல்ல மாஸ்டர்" என்றார் மருத்துவர். "உள்ள போயிருச்சா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் பாக்கணும். கலங்குச்சுன்னா அன்னைக்கே குழாய எடுத்துருவேன். நான் ஏற்கெனவே சொன்னதுதான்."

திரும்பும் வழியில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பை நிறைந்ததும் இவர் அதைக் கையில் எடுக்கவில்லை. "நீயே படி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் செய்தித்தாளை விரித்து, பொடி எழுத்தின் மேல் பையை வைத்தேன். அன்று போனவர்களின் பெயர், ஊர், அடக்கம் நடக்கும் நேரம், விட்டுச் சென்ற பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஒரு காற்புள்ளியையும் விடவில்லை. என் வாழ்நாளில் நான் வாசித்த எந்த அறிக்கையும் கேட்டவருக்கு அவ்வளவு இன்பம் தந்ததில்லை. "இன்னொரு தடவ படி" என்றார்.

அடுத்த நாளும் தெளிவு. அதற்கும் அடுத்த நாள் பைக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்தது. நூல் நூலாக. அவருக்குத் தெரியாமல் தொலைபேசியை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டேன்.

"பை கலங்கலா இருக்கா, இல்ல நூல் மட்டும் மெதக்குதா?"

"நூல்தான்."

"பின்னாடி எழுத்து தெரியுதாம்மா?"

"தெரியுது. யாரோ ஓய்வு பெற்ற தாசில்தார்."

"வலி, காய்ச்சல்?"

"பசிக்குதுங்கறார்."

"அப்ப அது சவ்வுல இருந்து வர்ற நார். கிருமி இல்ல. பயப்படாதீங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன். கலங்குனா மட்டும் உடனே வாங்க."

திரும்பினால் அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "எனக்குத் தெரியாம மேலிடத்துக்குப் பேசுறியா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தார். பிறகு, "பசிக்குதுன்னு நெசமாத்தான் சொன்னேன்" என்றார்.

சோதனை முடிவை நர்ஸே அழைத்துச் சொன்னார். "ஒண்ணுமே வளரலம்மா. அனுப்பின தண்ணியில எந்த வளர்ச்சியும் இல்ல."

வளர்ச்சி இல்லை என்ற வாக்கியத்தை மாவட்ட அலுவலகத்தில் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக் கை தட்டியது அன்று மட்டும்தான். இவர் விசிலைத் தேடி எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி ஊதினார். பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கோலா மாஸ்டர்?" என்று கத்தினார். "கோலு பாய், கோலு!"

அன்று மாலை பாயும் இவரும் மதிற்சுவருக்கு இருபுறமும் நின்று கிடாவின் வழக்கை விசாரித்தார்கள். குழாயைக் கடித்தது குற்றம் என்றார் பாய். குற்றவாளியைப் புனிதருக்குக் கொடுப்பது அவமரியாதை இல்லையா? என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கிருமியும் உள்ள போகல, குழாயும் போகல. அது கடிச்சது சோதனை பாக்க. புனிதரு அனுப்பி வச்ச இன்ஸ்பெக்ஷன் பாய் இது. பாஸ் ஆயிட்டோம்." என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நேர்ந்ததைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்றேன். சொல்லும்போது கிடா என் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டிகளை இனி யார் தின்பார்கள் என்று நினைத்ததும் உண்மை.

திருநாளன்று காலைப் பையும் தெளிவு. கிடாவின் கழுத்தில் மல்லிகை கட்டி ஆட்டோவில் ஏற்றினார். இந்த முறை இடுப்பில் பெல்ட்டுக்கு மேல் ஒரு பெல்ட், அதற்கு மேல் என் பழைய சேலைக் கிழிசல் என்று மூன்று கட்டு. கோயில் மைதானத்தில் ஆடுகளின் சத்தம் கொட்டுச் சத்தத்தை மிஞ்சியது. அம்பு தைத்த புனிதரின் முன்னால் இவர் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் பொதுவான விஷயங்கள் நிறைய இருந்தன. மதியப் பையை வீட்டில் முடித்துவிட்டு விருந்துக்குத் திரும்பினோம். இந்த வைத்தியத்தில் உடம்பிலிருந்து புரதம் வெளியேறிவிடும், கறியும் முட்டையும் சாப்பிட வேண்டும் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அந்த ஒரு உத்தரவை மட்டும் இவர் நான் நினைவூட்டாமலே நிறைவேற்றி வந்தார். இலையில் விழுந்த துண்டைக் கையில் எடுத்து, "அட்ட வாசம் அடிக்குதா பாரு" என்று என் மூக்கருகே நீட்டினார்.

சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. புதிதாக இந்த முறைக்கு மாறும் நோயாளிகளுக்குப் பயிற்சி நடக்கும் நாளில் நாங்கள் இருவரும் வந்து பேச வேண்டுமாம். குழாயை ஆடு கடித்த கதை அங்கே அதற்குள் பரவியிருந்தது.

ஒரு சின்ன அறை. சுவரோரம் நோயாளிகள், பக்கத்தில் அவரவர் வீட்டார். எல்லாரும் எங்களுக்கு ஒரு காலத்தில் இருந்த அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடைமுறையை விளக்கினேன்: எந்தெந்த வழியில் கிருமி நுழையும், கையாலா, மூச்சாலா, காற்றாலா, குழாய் நுழையும் தோலாலா, ஒவ்வொன்றையும் எப்படி மறிப்பது. எல்லாரும் பணிவாகக் கேட்டார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு இவர் எழுந்து கிடாவின் கதையைச் சொன்னார். சந்தையில் வாங்கிய குட்டி, மதுரைக்கு வந்து சேர்வதற்குள் அவர் கதையில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது. சிரித்து முடிந்ததும் கேள்விகள் கொட்டின. மாட்டுத் தொழுவத்துக்குப் போகலாமா, வயலில் இறங்கலாமா, பேரப்பிள்ளைக்குச் சளி இருந்தால் தூக்கலாமா. என் ஒரு மணி நேர விளக்கத்தில் இருந்த பதில்கள்தான் எல்லாம். இப்போதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தன.

சேவுகம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் கடைசியாகக் கையை உயர்த்தினார். அவர் கணவருக்குக் குழாய் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மனிதர் தலை குனிந்தே இருந்தார்.

"சார், எங்க வீட்டுல ஆடு இல்ல. ஒரு கிளிதான் இருக்கு. இவருக்கு அதுதான் உசுரு. கட்டிலுக்கு மேலயே கூண்டு தொங்குது. கடிக்காது, ஆனா ஓயாம பேசும்."

"பேசுமா?" என்றார் என் கணவர் கவலையோடு. "அப்ப அதுக்கும் ஒரு மாஸ்க் வாங்கிருங்க."

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அந்த மனிதர் தன் மனைவியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் பதறிப்போய், "மெதுவா, மெதுவா, தையல்" என்று ஓடி வந்தார். நான் எழுந்து அந்தப் பெண்ணின் அருகே போய் உட்கார்ந்து, கூண்டை எந்த அறைக்கு மாற்றலாம், அதைத் தொட்ட பிறகு எப்படிக் கை கழுவ வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கேட்டார். எங்களுக்குப் பின்னால் இவர் அந்தக் கணவரிடம், கிளிக்கு என்னென்ன பேசத் தெரியும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.